உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்? எச்.ஐ.வி. தொற்றுள்ள சிறுவரைக் குடும்பத்தின் வழியாகக் கண்டறிதல்

எச்.ஐ.வி. தொற்றுள்ள பிள்ளை தானாகப் பரிசோதனைக்கு வருவதில்லை. வளர்ந்தவர் ஒருவருக்குத் தன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பது தெரியும். மனதில் ஐயம் எழுந்தால் அவர் ஒருநாள் துணிந்து பஸ் ஏறி, மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கோ கல்முனைக்கோ அம்பாறைக்கோ போய், அங்குள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் குருதி கொடுத்துவிட்டு வர முடியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்படியோர் ஐயம் எழவே வழியில்லை. அந்தப் பிள்ளையிடம் நம்மைக் கொண்டு சேர்க்கும் பாதை பெரும்பாலும், தொற்று ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பெரியவரிடமிருந்தே தொடங்குகிறது. "உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் பரிசோதனை செய்தாயிற்றா?" என்று அவரிடம் கேட்பதில் ஆரம்பித்து, அந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையின் நிலையும் ஐயமறத் தெரியும் வரை தொடரும் பணியே குடும்பவழிப் பரிசோதனை. உலக சுகாதார ஸ்தாபனம் இதனை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைக்கிறது.

இந்தப் பணி ஏன் தேவை என்பதை இரண்டு எண்கள் சொல்லிவிடும். எயிட்ஸுக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் எச்.ஐ.வி.யுடன் வாழும் வளர்ந்தவர்களில் 77 வீதமானோர் சிகிச்சை பெற்றார்கள். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 57 வீதமானோர் மட்டுமே பெற்றார்கள். மருந்து இருந்தும் எஞ்சிய பிள்ளைகளை அது சென்று சேராமைக்கு முதற்காரணம், அவர்களுக்குத் தொற்று இருப்பதே எவருக்கும் தெரியாமல் இருப்பதுதான். இந்தத் தாமதம் பெரியவர்களை விடக் குழந்தைகளை மிக விரைவாகத் தாக்குகிறது. பிறக்கும்போதோ அதற்குச் சற்று முன்னரோ தொற்றுப் பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர், சிகிச்சை கிடைக்காவிட்டால், இரண்டாவது பிறந்தநாளைக் காண்பதில்லை. உரிய காலத்தில் மருந்து தொடங்கிய பிள்ளையோ பாடசாலைக்குப் போய், படித்து, வேலை செய்து, தானும் ஒரு குடும்பம் நடத்தலாம்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு

சிறுவரிடம் காணப்படும் எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ முழுவதும் தாயிடமிருந்து வந்ததாகவே இருக்கும். கருவில் இருக்கும்போதும், பிரசவத்தின்போதும், பின்னர் தாய்ப்பாலின் வழியாகவும் வைரசு பிள்ளைக்குக் கடக்கலாம். எவ்விதத் தடுப்பும் செய்யப்படாதபோது, தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 வரையானோருக்குத் தொற்று ஏற்படுகிறது. தாய் உரிய மருந்தைத் தவறாமல் எடுத்து, பிறந்த குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டால், அந்த எண்ணிக்கை 5க்கும் கீழே இறங்கிவிடுகிறது. தொற்றுள்ள தாய்மாரின் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தொற்றில்லாமலே இருக்கிறார்கள் என்பதையும் இந்த எண்கள் சொல்கின்றன. பரிசோதனைக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய், கெட்ட செய்தியைக் கேட்கவே போகிறோம் என்ற முடிவோடு வரவேண்டியதில்லை. அவரை வரவழைக்கும் எவரும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இலங்கையில் கர்ப்பிணித் தாய்மாருக்கு, குருதியமுக்கம், சீனி, சிபிலிசு ஆகியவற்றுடன் எச்.ஐ.வி.க்கும் இலவசமாகப் பரிசோதனை செய்யப்படுகிறது. வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்குக்குப் போகும் ஏற்பாடு, வாகரையிலிருந்து பொத்துவில் வரை எல்லாப் பெண்களும் அறிந்ததே. இந்த ஏற்பாட்டின் பயனாகவே, எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தாயிடமிருந்து சேய்க்குக் கடப்பதை ஒழித்த நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் இலங்கைக்கு வழங்கியது. பெருமைப்படத்தக்க சாதனை இது. ஆயினும் இங்கே ஒழித்தல் என்பது, புதிய தொற்றுகள் வரையறுக்கப்பட்ட மிகச் சிறிய அளவுக்குக் கீழே குறைந்துவிட்டன என்பதையே குறிக்கும். ஒரு பிள்ளைகூட இல்லை என்பது அதன் பொருளன்று.

கர்ப்பகாலப் பரிசோதனை என்னும் வலையில் சில கண்ணிகள் பெரியவை. அந்தப் பரிசோதனை எல்லா இடத்திலும் வழக்கமாவதற்கு முன் பிறந்து, இன்று பதின்ம வயதில் நிற்கும் பிள்ளைகள் இருக்கலாம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் குருதி கொடுத்தபோது தொற்றில்லாதிருந்து, அதன் பின்னர், வயிற்றில் பிள்ளை இருக்கும்போதோ பாலூட்டும் காலத்திலோ, கணவரிடமிருந்து தொற்றுப் பெற்ற தாய் இருக்கலாம். வெளிநாட்டில் பிரசவித்துவிட்டு வந்தவர் இருக்கலாம். இவர்களின் பிள்ளைகளை மீண்டும் தேடிப் பிடிப்பதற்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த வழி, குடும்பத்தில் யாருக்கேனும் தொற்று அறியப்படும் அந்தக் கணத்தைத் தவறவிடாமல் பற்றிக்கொள்வதுதான்.

எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வளர்ந்தவர்களில் 1,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாகவே தொற்றுள்ள நாட்டில், பாடசாலை பாடசாலையாகக் குருதி எடுப்பது பெரும் பணச்செலவு. அது தேவையற்ற கலக்கத்தையும், சில பிழையான முடிவுகளையும் உண்டாக்கும். தொற்றுள்ள ஒரு தாயின் பிள்ளைகள் மூவரைப் பரிசோதிப்பது, ஊரிலுள்ள 3,000 பிள்ளைகளைப் பரிசோதிப்பதிலும் கூடுதலான பயன் தரும்.

தொற்று ஒரே கூரையின் கீழ் பரவுவதில்லை

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். கசநோய் ஒருவருக்குக் கண்டுபிடிக்கப்பட்டால், மார்பு நோய் கிளினிக்கில் அந்த வீட்டில் கூட வசிக்கும் எல்லோரையும் வரச்சொல்வார்கள்; ஏனென்றால் அந்தக் கிருமி மூச்சுக்காற்றில் பரவுவது. எச்.ஐ.வி. அப்படிப் பரவுவதில்லை. ஒரே சட்டியில் சமைத்து உண்பதாலும், ஒரே பாயில் படுப்பதாலும், ஒரே கிணற்றில் குளிப்பதாலும், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதாலும், நுளம்பு கடிப்பதாலும் அது எவருக்கும் போய்ச் சேராது. ஆகவே ஒரே வளவில் வாழும் அம்மம்மாவையும் மாமாவையும் சின்னம்மாவின் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தத் தேவையில்லை. நாம் பின்தொடர வேண்டிய தொடர்புகள் இரண்டே: கணவன் மனைவிக்கு இடையிலான உறவு ஒன்று, பெற்றெடுத்துப் பாலூட்டிய தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவு மற்றொன்று.

இதை மனதில் இருத்திக்கொண்டால், யாருக்குப் பரிசோதனை தேவை என்ற கேள்விக்கு எவரும் தாமே விடை காணலாம்.

தாய்க்குத் தொற்று உண்டு என்று தெரியவந்தால், அவர் பெற்ற பிள்ளைகள் எல்லோரும் கணக்கில் வருகிறார்கள். முந்தைய மணத்தில் அவர் பெற்ற பிள்ளை, உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை ஆகியோரும் இதில் அடங்குவர். எழுத்தில் உள்ள பழைய பரிசோதனை முடிவுகள் இருந்தால் இந்தக் கணக்கு சுருங்கும். ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். ஒரு தாய்க்கு 2010, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூன்றாவது கர்ப்பத்தின்போது 2021இல் செய்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று கர்ப்பகால அட்டையில் பதியப்பட்டுள்ளது. 2024இல் அவருக்குத் தொற்று இருப்பது கண்டுபிடிக்கப்படுகிறது. இப்போது எந்தப் பிள்ளைக்கு ஆபத்து? மூத்தவர்கள் இருவரும் 2021க்கு முன்பே பால் மறந்தவர்கள். அந்த ஆண்டில் தாய்க்கே தொற்று இல்லாதபோது, அவரிடமிருந்து அவர்களுக்கு வந்திருக்க முடியாது. கர்ப்பத்தில் "பரிசோதனை செய்தாயிற்று, ஒன்றும் இல்லை" என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த அந்தக் கடைக்குட்டிக்கே ஆபத்து உண்டு; ஏனென்றால் தாய்க்கு அதன் பின்னர், கர்ப்பத்தின் இறுதியிலோ பாலூட்டும் காலத்திலோ தொற்று ஏற்பட்டிருக்கலாம். குடும்பவழிப் பரிசோதனையைப் பற்றி ஒருவருக்கு ஒரேயொரு விடயத்தை மட்டும் விளக்க வாய்ப்புக் கிடைத்தால், இந்த எடுத்துக்காட்டையே நான் சொல்வேன். அட்டை தொலைந்து, "அப்போது நல்லம் என்றுதான் சொன்னவை" என்ற நினைவு மட்டுமே எஞ்சியிருந்தால், நினைவை நம்பாமல் மூவரையும் பரிசோதிப்பதே சரி.

தந்தைக்குத் தொற்று உண்டு என்று முதலில் தெரியவந்தால், பிள்ளைகளிடம் நேரே ஓடவேண்டியதில்லை. தந்தையிடமிருந்து பிள்ளைக்கு நேரடியாகத் தொற்றுக் கடப்பதில்லை. இடையில் தாய் இருக்கிறார். ஆகவே முதலில் தாய்க்குப் பரிசோதனை செய்யப்படும். தொற்று ஏற்பட்ட பின்னர் சாதாரணப் பரிசோதனையில் அது தெரியவரச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை செல்லலாம் என்பதால், முதல் முடிவு "இல்லை" என்று வந்தாலும் தாய்க்கு மீண்டும் ஒருமுறை பரிசோதனை தேவைப்படும். அப்போதும் இல்லை என்று வந்து, பிள்ளைகள் எல்லோரும் பால் மறந்தவர்களாகவும் இருந்தால், ஒரு பிள்ளையின் விரலிலும் ஊசி படாமலே அந்தக் குடும்பத்தின் கணக்கு முடிந்துவிடும். தாய் இன்னும் பாலூட்டிக்கொண்டிருந்தால், பால் நிறுத்தும் வரை அவரைக் கவனித்துவர வேண்டும்.

தாய் உயிருடன் இல்லை, அல்லது அவரது நிலையை அறிய வழியே இல்லை என்றால், பிள்ளைக்கே நேரடியாகப் பரிசோதனை செய்யவேண்டும். நம் மாவட்டங்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர ஊர்களில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மாப்பிள்ளை பெண்வீட்டோடு வந்து வாழ்வது வழக்கம். ஆகையால் தாய் இறந்துவிட்டாலோ மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்விட்டாலோ, பிள்ளைகள் அம்மம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ சின்னம்மாவிடமோ எளிதில் தங்கிவிடுகிறார்கள். யுத்தமும் 2004இன் கடற்கோளும் பெற்றோரைக் கொண்டுபோன வீடுகளும் எத்தனையோ. பிள்ளையை அன்போடு வளர்க்கும் அந்த முதியவளுக்கு, தன் மகள் எந்த நோயில் இறந்தாள் என்பது சரியாகத் தெரியாமலே இருக்கலாம். தாய் வெளிநாட்டில் இருந்தால், அவர் புறப்படுவதற்கு முன் செய்த மருத்துவப் பரிசோதனையின் தாளைத் தேடிப்பாருங்கள்; வளைகுடா நாடுகளுக்கான அந்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் அடங்கும். தொற்று இல்லை என்ற முடிவும், பிள்ளை பால் மறந்ததற்குப் பிந்திய திகதியும் அதில் இருந்தால், கிளினிக்கில் காட்டவேண்டிய பயனுள்ள சான்று அது.

சில வேளை பாதை எதிர்த்திசையிலும் செல்லும். அடிக்கடி நிமோனியாவுடன் வார்டில் அனுமதிக்கப்படும் குழந்தை, நிறைவரைபடத்தில் கோடு மேலேறாமல் கிடக்கும் குழந்தை, வாயில் வெண்படலம் மாறாத குழந்தை, கசநோய் கண்ட பிள்ளை ஆகியோரில் ஒருவருக்கு வைத்தியர் பரிசோதனை செய்து, தொற்று இருப்பது தெரியவந்தால், அந்தப் பிள்ளையே குடும்பத்தில் முதலில் அறியப்பட்டவர் ஆகிறார். பின்னர் தாயும் தந்தையும் கூடப்பிறந்தவர்களும் பரிசோதிக்கப்படுவார்கள். தாய்க்குத் தொற்று இல்லை என்று உறுதியான பின்னரும் பிள்ளைக்கு இருந்தால், பாலியல் துன்புறுத்தலோ வேறு வழிகளோ காரணமா என்று, பிள்ளையை நோகடிக்காமல், மிகுந்த பக்குவத்தோடு ஆராயவேண்டும்; தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இத்தகைய நிலைமைகளுக்காகவே உள்ளது.

"ஆள் நல்ல சுகம்தானே"

பெற்றோர் சொல்லும் மறுப்புகளில் நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்: பிள்ளைக்குப் பத்து வயது, ஓடி விளையாடுகிறான், காய்ச்சல்கூட வருவதில்லை, பிறகெதற்குப் பரிசோதனை? பிறப்பிலேயே தொற்றுப் பெற்ற பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் நோய் மிக மெதுவாகவே நகரும். அவர்கள் பத்து, பன்னிரண்டு வயது வரைகூடப் பெரிய நோயெதுவும் இன்றி இருக்கலாம்; வயதுக்கேற்ற உயரமில்லாமை, மாறாத தோல் தடிப்பு, காதிலிருந்து அடிக்கடி சீழ் வடிதல் போன்ற சிறிய அறிகுறிகள் மட்டும் இருந்து, அவற்றை எவரும் எச்.ஐ.வி.யோடு சேர்த்து நினைக்காமல் போகலாம். தாய்க்குத் தொற்று இருக்கையில் பிள்ளையின் தோற்றத்தைப் பார்த்து முடிவுசெய்வது, சீல் உடைக்காத கடிதத்தின் உறையைப் பார்த்துச் செய்தியைச் சொல்வது போன்றது.

பரிசோதனை வயதுக்கு ஏற்ப மாறும். 18 மாதம் கடந்த பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே பரிசோதனைதான்: விரல் நுனியிலிருந்து எடுக்கும் ஒரு துளி குருதியில், வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரிகள் உள்ளனவா என்று பார்ப்பார்கள். விரைவுப் பரிசோதனையின் முடிவு அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். "உண்டு" என்று காட்டினால், வேறு பரிசோதனைகளால் உறுதிப்படுத்திய பின்னரே அது முடிவாகக் கொள்ளப்படும்.

18 மாதத்துக்குக் குறைந்த குழந்தையிடம் இந்தப் பரிசோதனையால் தொற்றை உறுதிசெய்ய முடியாது. காரணம் எளிது. தாயின் உடலிலுள்ள பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடியின் வழியாகக் குழந்தைக்குக் கடந்து, பிறந்த பின்னரும் பல மாதம் அதன் குருதியில் தங்கியிருக்கும். குழந்தைக்கு வைரசு வராதிருந்தாலும், தாயின் பிறபொருளெதிரிகளைக் கண்டு பரிசோதனை "உண்டு" என்று சொல்லிவிடும். ஆகவே குழந்தைகளிடம் வைரசையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்யப்படுகிறது. இதற்கெனப் பல நாடுகளில் குழந்தையின் குதிக்காலில் மெல்லக் குத்தி எடுக்கும் சில துளிகளை ஒரு தடித்த தாளில் உலர்த்தி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். குழந்தைக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்போது ஒருமுறை, ஒன்பதாம் மாதத்தில் ஒருமுறை, இறுதியாக 18 மாதம் ஆனபின், அல்லது தாய்ப்பால் நிறுத்தி மூன்று மாதம் கழிந்தபின், இரண்டில் எது பிந்தியதோ அப்போது ஒருமுறை என்பது பொதுவான ஒழுங்கு. இடையில் குழந்தைக்குச் சுகயீனம் ஏற்பட்டால் காத்திராமல் உடனே பரிசோதிப்பார்கள். முதல் பி.சி.ஆர். "இல்லை" என்று வந்த மகிழ்ச்சியில் அடுத்த கிளினிக்கைத் தவறவிடும் குடும்பங்களுக்கு, பாலூட்டும் வரை ஆபத்து முழுதாக நீங்குவதில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியுள்ளது.

பி.சி.ஆர். "உண்டு" என்று வந்தால், உறுதிப்படுத்தலுக்கு இரண்டாவது மாதிரி எடுக்கப்படும். அதன் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கப்படும். சிறு குழந்தைகளுக்கு இன்று நீரில் கரைத்துக் கொடுக்கக்கூடிய டொலுடெகிராவிர் மாத்திரைகள் உள்ளன; நான்கு வார வயதும் மூன்று கிலோ நிறையும் உள்ள குழந்தைக்கும் அவற்றைக் கொடுக்கலாம். தாய் தன் மருந்தைத் தொடர்ந்து எடுத்து, குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழியாக அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுக் கடப்பதில்லை. அடுத்த பிள்ளைக்குக் கடக்கும் வாய்ப்பும் மிக அரிதாகிவிடும்.

சம்மதமும் இரகசியமும்

ஒருவரின் தொற்றைத் துப்பாகக் கொண்டு அவரது குடும்பத்தைத் துரத்துவதாக இந்தப் பணி மாறிவிடக்கூடாது. பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ விளங்கிக்கொண்டு சம்மதித்தால் மட்டுமே பிள்ளைக்குப் பரிசோதனை. ஓரளவு விவரம் தெரிந்த பிள்ளையிடம், அதன் வயதுக்கேற்ற சொற்களில், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லவும் வேண்டும். தாய் இன்றைக்கு மறுத்தால், அதற்காக அவரது சொந்தச் சிகிச்சையில் ஒரு குறையும் வரக்கூடாது. கணவரிடம் சொன்னால் அடிப்பார், வீட்டை விட்டுத் துரத்துவார் என்று ஒரு பெண் அஞ்சினால், அந்த அச்சத்தை உண்மையாகவே எடுத்துக்கொண்டு, அவருக்குப் பாதுகாப்பான வழியொன்றைக் கிளினிக்கில் உள்ளவர்கள் அவரோடு சேர்ந்து தேடவேண்டும். பிள்ளையைக் கூட்டிவரும் அம்மம்மாவிடம், மகளின் அனுமதியின்றி மகளின் நோயைச் சொல்லவும் கூடாது.

இரகசியம் உடைந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு கண்டிருக்கிறது. 2016இல் குளியாப்பிட்டியில், தந்தை எயிட்ஸால் இறந்தார் என்ற வதந்தி பரவியதால், ஒரு சிறுவன் பாடசாலையில் படிக்க முடியாமல் போயிற்று. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் எதிர்த்து நின்றார்கள். அந்தச் சிறுவனுக்கு எச்.ஐ.வி. தொற்றே இருக்கவில்லை. இறுதியில் கண்டியிலுள்ள ஒரு கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. தொற்று இருந்திருந்தாலும் கூட அவனோடு ஒரே வாங்கில் இருந்து படிப்பதால் எவருக்கும் தீங்கு வந்திருக்காது என்பதை எண்ணும்போது அந்தக் கொடுமை இன்னும் கனக்கிறது. மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் உள்ள எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒரு வீட்டுச் செய்தி மாலைக்குள் ஊரெங்கும் எட்டிவிடும். அதனால்தான் தன் ஊருக்கு அண்மையிலுள்ள கிளினிக்குக்குப் போகத் தயங்கும் ஒருவருக்கு, வேறு மாவட்டத்து நிலையத்துக்கும் போகலாம் என்று சொல்லவேண்டும். பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

நடைமுறையில் கிளினிக்கில் இருக்கவேண்டிய கருவி மிக எளியது: தொற்றுள்ள ஒவ்வொருவரின் கோப்பிலும் ஒரு தாள். அதில் அவர் பெற்ற பிள்ளைகள் எல்லோரின் பெயரும், பிறந்த திகதியும், எங்கே யாரிடம் வளர்கிறார்கள் என்பதும், பால் மறந்த காலமும், பரிசோதனைத் திகதியும், முடிவும் எழுதப்படவேண்டும். "பிள்ளைகள் மூவர், பரிசோதிக்கச் சொல்லப்பட்டது" என்ற ஒற்றை வரி போதாது. சொல்லப்பட்டதற்கும் செய்யப்பட்டதற்கும் இடையில்தான் பிள்ளைகள் தவறுகிறார்கள். முதல் நாள் தாய் இரண்டு பிள்ளைகளை மட்டும் சொல்லி, மூன்றாவதை மறைக்கலாம். பழைய மணத்தில் பிறந்த பிள்ளையைப் பற்றிப் பேச நம்பிக்கை வளர ஆறு மாதம் ஆகலாம். ஆகவே மருந்து எடுக்க அவர் வரும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளைத் திறந்து, பரிவோடு மீண்டும் கேட்கவேண்டும். 18 மாதம் கடந்து, பால் நிறுத்தி மூன்று மாதமும் ஆனபின் செய்த பரிசோதனையில் "இல்லை" என்று முடிவு வந்த பிள்ளைக்கு நேரே "முடிந்தது" என்று எழுதலாம். தொற்று உண்டு என்று வந்த பிள்ளைக்கு நேரே மருந்து தொடங்கிய திகதி எழுதப்படும். அந்த இரண்டில் ஒன்று எழுதப்படாத பெயர் அடுத்த கிளினிக் நாளில் முதலில் பார்க்கவேண்டிய பெயர்.